கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள்
ராஜஸ்தானின் நீம்ராணாவில், 1464ஆம் ஆண்டைச் சேர்ந்த மலைக்கோட்டை 1991 முதல் ஓட்டலாக இயங்குகிறது. அங்கே ஓரிரவு தங்கினேன். மாடிமாடியாக ஏறும்போது ஒரே கேள்வி: இத்தனை கல்லையும் மலைமேல் சுமந்தவர்கள் யார்?

ராஜபுதானா சமஸ்தானங்களில் 'பேகார்' எனும் கூலியில்லா வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் சுமத்தப்பட்டது. 1952இல் வந்த ஜாகிர் ஒழிப்புச் சட்டம் நிலத்தைத்தான் தொட்டது. சாதிப் பெருமிதத்தைத் தொடவில்லை. பணம் கட்டினால் யாரும் கோட்டை ஓட்டலில் ராஜா போலக் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதே மாநிலத்தின் ஊர்த்தெருவில் தலித் மாப்பிள்ளை குதிரையேற இன்றும் போலீஸ் காவல் தேவைப்படுகிறது.

கோட்டைகள் இருக்கட்டும். ராஜபரம்பரைக் கதை சொல்லும் சுவரில் பேகாரின் கதையும் எழுதப்பட வேண்டும். தங்கப் போகும் தோழர்களே, அதைக் கேளுங்கள்.