நல்ல இராஜா, சுமாரான இராஜா

2025 ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து அண்ணன் பண்டாரவளைக்கு வந்திருந்தார். என் பெரியப்பாவின் மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்து வெறுந்தேநீருடன் உட்கார்ந்திருந்தபோது அவருக்கும் என் மகளுக்கும் வாக்குவாதம் மூண்டது. பொருள், இளையராஜா.

"இராஜா எண்பத்து மூணோட முடிஞ்சிட்டாரு" என்றார் அண்ணன். ஜானி, நிழல்கள், மூன்றாம் பிறை, அதோடு சரி என்பது அவருடைய தீர்ப்பு.

"பெரியப்பா, நந்தலாலா கேட்டிருக்கீங்களா?" என்றாள் மகள்.

"கேக்கலம்மா. கேக்கணுங்கிற அவசியமும் இல்ல."

பத்திரிகைக்காரன் என்ற தகுதியில் நான் நடுவராக அழைக்கப்பட்டேன். 'ஹவ் டு நேம் இட்' வெளிவந்த 1986தான் உச்சம் என்று தீர்ப்பளித்தேன். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததற்குக் காரணம் உண்டு. 1983இல் அண்ணனுக்கு வயது இருபது. 1986இல் எனக்குப் பதினேழு. நந்தலாலா வந்த 2010இல் மகளுக்குப் பதினாறு. மூவரும் இசையை அளப்பதாக நினைத்துக்கொண்டு அவரவர் வயதை அளந்திருக்கிறோம்.

இதோடு விட்டுவிட்டால் 'எல்லாம் அவரவர் இரசனை' என்று முடித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கலைஞரின் படைப்புகளில் நல்லதும் சுமாரானதும் உண்டு. அவற்றைப் பிரித்தறிய முடியும், பிரித்தறியவும் வேண்டும். ஆனால், நாம் பிரிக்கும் முறையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில் அண்ணனின் கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் பண்டாரவளை நகரத்தில் ஒரு ரெக்கோடிங் பாரில் அவர் வேலை செய்தார். இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: பாடல்களின் பட்டியலையும் வெற்றுக் கசட்டையும் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுக்கும் கடைதான் ரெக்கோடிங் பார். கசட் உறையில் பாடல்களின் பெயர்களை முத்து முத்தாக எழுதுவது அண்ணனின் வேலை. 1983 யூலை 27ஆம் திகதி பதுளையில் மூண்ட தீ, ஹாலி-எலவுக்கும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் பரவியது. அந்தக் கடையும் இசைத்தட்டுகளும் ஒரே இரவில் சாம்பலாயின. அடுத்த ஆண்டு அண்ணன் ஜெர்மனிக்குப் போனார், பிறகு கனடாவுக்கு. 'எண்பத்து மூன்றோடு முடிந்தது' என்று அவர் சொல்லும்போது, முடிந்தது எதுவென்று எனக்குத் தெரியும். அதனால் அவரோடு நான் உரத்து வாதாடுவதில்லை.

இனி விடயத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்துப் பாடல்கள் எங்கள் லயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன? மின்சாரம் கிடையாது. நான்கு பற்றரி போட்ட வானொலிப் பெட்டியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை கேட்போம். கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அன்று எங்கள் வீட்டு மனிதர்கள். எந்தப் பாடலை ஒலிபரப்புவது, எதை ஒதுக்குவது என்பதை நிலையத்தில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அது முதலாவது சல்லடை. வானொலியில் கேட்டவற்றுள் பிடித்ததைக் கசட்டில் பதிவோம். அறுபது நிமிடக் கசட்டில் பதினான்கு பாடல்கள் அடங்கும். பதினைந்தாவது பாடலுக்கு இடமுமில்லை, காசுமில்லை. அது இரண்டாவது சல்லடை. கசட்டின் நாடா தேய்ந்து இழுபடும் வரை கேட்டபின்னும் மனதில் நின்றவை மட்டுமே இன்று நம் நினைவில் இருக்கின்றன. நாற்பது ஆண்டு மறதி மூன்றாவது சல்லடை.

சல்லடையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்துப் பேச்சில் சொன்னால் 'ஸ்டோரில்', சலிப்புப் பகுதியில் வேலை செய்தவர். காய்ந்த தேயிலை சல்லடைகளில் ஏறி இறங்கி, பீ.ஓ.பி. ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம் எனத் தரம் தரமாகப் பிரியும். பிரித்தெடுத்த நல்ல தேயிலையைக் காட்டி, 'அந்தக் கொழுந்து முழுவதுமே இப்படித்தான் இருந்தது' என்று யாராவது சொன்னால் அப்பா சிரித்திருப்பார். நாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். இளையராஜாவின் முதற்படம் அன்னக்கிளி, 1976. நூறாவது படம் மூடுபனி, 1980. ஐந்நூறாவது அஞ்சலி, 1990. ஆயிரமாவது தாரை தப்பட்டை, 2016. அதாவது நாம் பொற்காலம் என்று கொண்டாடும் எண்பதுகளில், பத்து ஆண்டுகளில் நானூறு படங்கள், ஆண்டுக்கு நாற்பது. அடுத்த ஐந்நூறுக்கு இருபத்தாறு ஆண்டுகள். ஆண்டுக்கு இருபதுக்கும் குறைவு. ஒரு படத்துக்கு நான்கு பாடல்கள் என்று குறைத்து மதிப்பிட்டாலும் எண்பதுகளில் மட்டும் ஆயிரத்து அறுநூறு பாடல்கள். உங்களுக்கு எத்தனை நினைவிருக்கிறது? தீவிர இரசிகரான அண்ணனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னால், முந்நூறைத் தாண்ட மாட்டார். மிச்சமுள்ள ஆயிரத்து முந்நூறும் எங்கே போயின? அவற்றில் அவசரத்தில் பிறந்தவை உண்டு. ஒன்றின் மெட்டையே மற்றொன்று திருப்பிச் சொன்னவை உண்டு. படத்தோடு சேர்ந்து மறைந்தவை உண்டு. எண்ணிக்கையில் பார்த்தால் சுமாரான பாடல்கள் மிகுதியாகப் பிறந்ததும் அதே பொற்காலத்தில்தான் இருக்க வேண்டும்.

இன்றோ சல்லடை ஏதுமில்லை. ஒரு படத்தின் எல்லாப் பாடல்களும் வெளியான அன்றே கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகின்றன. ஒரு முறை கேட்டு, சில நேரம் பாதி கேட்டு, 'பழைய இராஜா இல்லை' என்று எழுதிவிடுகிறோம். ஒரு பக்கம் சலித்தெடுத்த தேயிலை, மறுபக்கம் சலிக்காத குவியல். இந்த இரண்டையும் தராசில் வைப்பது நியாயமா?

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் சல்லடைக்குட்படாத, எண்ணிக்கையில் குறைந்த படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம். திரைப்படத்தைச் சாராத அவருடைய இசைத்தொகுப்புகள் அதற்கு ஏற்றவை. 'ஹவ் டு நேம் இட்' 1986இலும், 'நத்திங் பட் விண்ட்' 1988இலும் வெளிவந்தன. இவற்றில் எது மேல் என்ற விவாதம் இரசிகரிடையே இன்றும் ஓயவில்லை.

என் தீர்ப்பு முன்னதற்கே. தியாகராஜரையும் பாஹ்கையும் வணங்கி உருவாக்கிய தொகுப்பு அது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக இராகத்தை விட்டு இம்மியும் விலகாமல் நடக்கிறது. அதைச் சூழ்ந்து வரும் தந்திக் குழு மேற்கத்திய விதிகளை விட்டு விலகாமல் நடக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பணியாமல், ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு போகின்றன. அந்த இழுபறிதான் அதன் உயிர். இரண்டாவது தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் பேரழகு. ஆனால், குழல் முன்னே போக வாத்தியக் குழு பின்னால் பாய் விரித்துக்கொண்டு வருகிறது. இழுபறி இல்லை. சில இடங்களில் நீட்சி சலிப்பூட்டுகிறது. இப்படிச் சொல்வதால் நான் இராஜாவின் எதிரியாகிவிட மாட்டேன். இரண்டையும் பல நூறு முறை கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் ஓர் இசைத்துண்டின் பெயரே 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. நாற்பது ஆண்டுகளாக நாம் அதையும் சேர்த்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மேற்குலகிலும் இதே கதைதான். பேராதனையில் என்னோடு படித்த ஒரு சிங்கள நண்பர் பிங்க் ஃபுளோய்ட் பக்தர். 1973இன் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' பெரிதா, 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' பெரிதா என்று விடிய விடிய வாதிடுவார். 1970இல் வந்த 'ஆட்டம் ஹார்ட் மதர்' பிரித்தானியாவில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால், றோஜர் வோட்டர்ஸும் டேவிட் கில்மரும் பின்னாளில் அந்தத் தொகுப்பை மதிப்புக் குறைவாகவே பேசினார்கள். நண்பர் மட்டும் இறுதிவரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. படைத்தவர்களே சுமார் என்று சொன்னதை இரசிகர் காவல் காக்கும் விந்தை எல்லா மொழிகளிலும் உண்டு போலும்.

இப்போது ஒரு வாக்குமூலம். 2005இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளிவந்தபோது அதற்கு நான் ஒரு மதிப்புரை எழுதினேன். மாலைக்குள் பக்கம் போக வேண்டும். ஒரு முறைதான் கேட்டேன். மாணிக்கவாசகரின் வாக்கு, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக் குழு, தமிழனின் சாதனை. புகழ்மாலை தானாகவே எழுதிக்கொண்டது. மறுநாள் பலர் தொலைபேசியில் பாராட்டினார்கள். பிறகு ஆறுதலாகப் பலமுறை கேட்டேன். சில பகுதிகளில் உண்மையாகவே கண் கலங்கியது. ஆங்கில வரிகள் குறுக்கிடும் இடங்களிலோ ஓடிவந்த ஆறு அணையில் முட்டியது போலத் தோன்றியது. இன்றும் அப்படியே தோன்றுகிறது. அதை அன்று நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாசகரும் அந்த இசையை இன்னும் கூர்ந்து கேட்டிருப்பர். எல்லாமே அற்புதம் என்று சொன்னதன் மூலம் உண்மையாகவே அற்புதமான பகுதிகளுக்கும் நான் அநீதி செய்தேன்.

கேளாமலே தள்ளுகிறவரும் கேளாமலே புகழ்கிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டன் அப்பலோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அவருக்கு அப்போது வயது எண்பத்தொன்று. அன்றிரவே, அரங்கின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள் இரு பக்கமும் தீர்ப்பு எழுதித் தள்ளினார்கள். நான் அன்று அரங்கில் இல்லை. எனவே அதைப் பற்றி என்னிடம் தீர்ப்பு இல்லை. 2005இல் கற்ற பாடம்.

எங்கள் ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். அந்த மாதங்களில் கிள்ளும் கொழுந்துக்குத் தனி மணம். கொழும்பு ஏலத்தில் தனி விலை. நவம்பரில் அதே செடி, அதே கைகள். தேயிலை மட்டும் சாதாரணம். அதற்காகச் செடி செத்துவிட்டது என்று எந்தத் தோட்டத்தொழிலாளியும் சொன்னதில்லை. காற்று எப்போது திரும்பும் என்று எவருக்கும் தெரியாது. சேது 1999இல் வந்தது, ஹே ராம் 2000இல், விருமாண்டி 2004இல். இராஜாவின் கதை 1983இலோ 1992இலோ முடிந்துவிட்டது என்று இருந்தவர்கள் இவற்றைத் தவறவிட்டார்கள். நஷ்டம் இராஜாவுக்கல்ல.

அண்ணன் ரொறன்ரோ திரும்புவதற்கு முதல்நாள் மகளிடம் ஒரு பேரம் பேசினார். "எண்பத்து மூணுக்குப் பிறகு வந்ததுல நீயே பொறுக்கி ஒரு கசட்டுக்குப் பாட்டு அனுப்பு. பதினாலுதான். பதினஞ்சாவது வேணாம்." அவளும் அனுப்பினாள். ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார்.

"எல்லாத்தையும் மூணு தடவை கேட்டேன். பதினாலுல மூணு தேறும்" என்றார். குரலில் தோற்றுப்போன சாயலே இல்லை.

மகளுக்குக் கோபம். நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறில் முந்நூறு என்றால், பதினாலுக்கு ஏறக்குறைய மூன்றுதான் வருகிறது.