மூத்த தம்பதியரைக் காணாத ஆய்வு

‘மிஷனரி’ என்றதும் வீடுவீடாகக் கதவைத் தட்டும் இளைஞனையே நம் ஆய்வுகள் எழுதுகின்றன. ஓய்வுபெற்றபின் இணையாக அயல்நாட்டுப் பணிக்குப் புறப்படும் மார்மன் சபையின் மூத்த தம்பதியரை நாம் பக்திச் சுற்றுலாப் பயணிகளாகவே ஒதுக்கிவிடுகிறோம். இந்த அலட்சியம் ஆய்வறம் அன்று.

அவர்களது ஆயத்தத்தைக் கூர்ந்து நோக்குங்கள். மருத்துவப் பரிசோதனை, வீட்டைப் பிறர் பொறுப்பில் விடுதல், பேரக்குழந்தைகளிடம் விடைபெறுதல், எல்லாவற்றுக்கும் மேலாகச் செலவுக் கணக்கு. ஊதியம் கிடையாது, செலவும் அவர்களுடையதே. அழைப்பு இறைவனுடையது என்று அவர்கள் நம்பலாம். அதை ஏற்க யாரால் இயலும் என்பதைச் சேமிப்பும் ஓய்வூதியமுமே தீர்மானிக்கின்றன.

சென்ற இடத்தில் அவர்களுள் பலருக்குப் பிரசங்கம் முதன்மைப் பணியன்று. அலுவலகக் கணக்கு எழுதுகிறார்கள். நிவாரணப் பணிகளைக் கவனிக்கிறார்கள். பழைய பதிவேடுகளைப் படமெடுக்கிறார்கள். 1894இல் யூட்டாவில் தோன்றிய வம்சாவளிச் சங்கம் 1938இல் நுண்படமெடுக்கத் தொடங்கியது. அதன் வழிவந்த ஃபேமிலிசர்ச் தளத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் ஆய்வாளர், படமெடுத்த கைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது எவ்வகை நேர்மை?

புகழச் சொல்லவில்லை. அப்பதிவுகள் இறந்தோருக்கான ஞானஸ்நானச் சடங்குக்கும் பயன்படுகின்றன. யூதப் படுகொலையில் மாண்டோரின் பெயர்களில் அச்சடங்கு நடந்தது கண்டிக்கப்பட்டு, அதை நிறுத்த 1995இல் உடன்பாடு காண நேர்ந்தது. இதையும் எழுதுவோம்.

மதம் மாறியோர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கும் நண்பர்களே, அந்த நிறுவனத்தை நாள்தோறும் இயக்குவோர் யார், யார் செலவில் என்றும் கேளுங்கள்.