பூட்டு எங்கே இருக்கிறது?

“அண்ணா, இதை ஒரு டெக்கரேட்டர்ல தூக்கிப் போட்டுட்டா கோடு கிளீனா இருக்கும்.”

போன வாரம் என் பைத்தான் நிரலைப் பார்த்துவிட்டு அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி சொன்னது. இதை எத்தனை பேர் வாயால்தான் கேட்பது! நான் எழுதியிருந்தது ஃபங்ஷனுக்குள் முதல் இரண்டு வரி. லாகின் ஆகவில்லையா, திருப்பி அனுப்பு. படித்தவுடன் புரிகிறது. இதில் என்ன அழுக்கைக் கண்டார்கள்?

டெக்கரேட்டர் 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்தது. அதற்கு முன்பு ஃபங்ஷனை முழுக்க எழுதிவிட்டு, அடியில் அதன் பெயரையே மறுபடி எடுத்து ஸ்டாட்டிக்மெத்தடுக்குள் கொடுத்து, வந்ததை அதே பெயரில் வைக்க வேண்டும். கடைசி வரி வரை போனால்தான் அது என்ன வகை ஃபங்ஷன் என்றே தெரியும். அந்த வரியைத் தலைக்குமேல் ஏற்றினார்கள். நல்ல காரியம். அதைச் சுத்தத்துக்கு மறுபெயராக்கியது பின்னால் வந்தவர்கள்.

சுத்தம் என்பவர்கள் எங்கள் பழைய ஃபைல் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் எழுதியது. வாடிக்கையாளர் பில்லைக் காட்டும் ஃபங்ஷன். தலையில் இரண்டு டெக்கரேட்டர். மேலே லாகின் ரெக்வயர்டு, கீழே ரூட். பார்த்தால் பூட்டிய கதவு. ஆனால் டெக்கரேட்டர்கள் கீழிருந்து மேலாகத்தான் வேலை செய்யும். ரூட் முந்திக்கொண்டு, பூட்டாத ஃபங்ஷனை முகவரிப் பட்டியலில் பதிந்துவிட்டது. பிறகு வந்த லாகின் சோதனை, யாருமே கூப்பிடாத ஒன்றைப் பூட்டிக்கொண்டு நின்றது. முகவரி தெரிந்த எவரும் அடுத்தவர் பில்லைப் படிக்கலாம். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. மூன்று மாதம் திறந்து கிடந்தது. ரிவ்யூவில் மூன்று பேர் பார்த்தோம். மூவர் கண்ணுக்கும் பூட்டுதான் தெரிந்தது.

இரண்டு வரி மேலும் கீழும் மாறியதற்கு இந்த விலை. ஃபங்ஷனுக்குள் கிடக்கும் என் இஃப் இப்படிக் கழன்று போகுமா?

இன்னொரு கொடுமை, ஃபங்க்டூல்ஸில் உள்ள ராப்ஸை மறந்துவிட்டு டெக்கரேட்டர் எழுதுவது. எல்லா ஃபங்ஷனுக்கும் ராப்பர் என்றே பெயர் விழுந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு லாகைத் திறந்தால் ராப்பர், ராப்பர், ராப்பர். எந்த ராப்பரைப் போய்த் தேடுவது?

பயிற்சி மையங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஃபங்ஷனுக்கு முன்னால் ஒரு பிரிண்ட், பின்னால் ஒரு பிரிண்ட். இதுதான் டெக்கரேட்டர் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இண்டர்வியூவில் அதையே கேட்கிறார்கள், பிள்ளைகள் அதையே ஒப்பிக்கிறார்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. அப்ரைசலிலும் அதே கதைதான். பத்து வரியை ஒன்றாக்கியவருக்குக் கைதட்டல். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை விடிய விடியத் தேடி எடுத்தவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

தம்பிக்குப் பதில் எழுதவில்லை. அந்தப் பழைய ஃபைலை அவர் லேப்டாப்பில் ஓடவிட்டு, லாகின் ஆகாமல் பில் பக்கத்தைத் தட்டச் சொன்னேன். திறந்தது. மேலே இருந்த லாகின் ரெக்வயர்டைத் தொட்டுக்காட்டி, “அப்போ இது எதுக்குண்ணா இருக்கு?” என்று கேட்டார்.

என் இரண்டு வரியும் அங்கேயே இருக்கின்றன.