கேமரா மாறியது, படம் மாறவில்லை

க்ராப் சென்சாரை விட்டு ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் படம் தன்னால் நிமிர்ந்துவிடும் என்று நம்பாத போட்டோகிராபரை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பாடிக்குத் தவணை முடிவதற்குள் அடுத்த பாடி வந்துவிடுகிறது. படம் மட்டும் அதே படமாக இருக்கிறது.

மாறுவதால் கிடைப்பது என்ன? ஏபிஎஸ்-சி சென்சாரைவிட ஃபுல் ஃபிரேமின் பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். மங்கலான கல்யாண மண்டபத்தில் நாய்ஸ் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறையும், பின்னணி கொஞ்சம் கூடுதலாகக் குழையும். அவ்வளவுதான். எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது, எந்த நொடியில் ஷட்டரை அழுத்துவது என்பதெல்லாம் பழைய கேமராவில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

போட்டோகிராபர் ராபர்ட் ஃபிராங்க் 1955-இல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்று, லைக்காவோடு அமெரிக்காவைச் சுற்றினார். எடுத்தவை ஏறக்குறைய 27,000 ஃபிரேம்கள். 1958-இல் பாரிஸில் வெளியான ‘அமெரிக்கர்கள்’ நூலில் இருப்பவை 83. இந்தக் கதையில் லைக்காவை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர் கழித்துப்போட்ட படங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கான்டாக்ட் ஷீட்டில் பென்சிலால் குறித்து, ஆயிரம் படங்களுக்கு மேல் பிரிண்ட் போட்டு, சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் அந்த 83-க்கு வந்து சேர்ந்தார். தன் கண் எதை நாடுகிறது, எதில் ஏமாறுகிறது என்பதெல்லாம் அந்தச் சுவரில்தான் தெரியும். கேரி வினோகிராண்ட் என்ற போட்டோகிராபர் வேறு தினுசு. எடுத்த ரோலை ஓராண்டுக்கு மேல்கூடக் கழுவாமல் வைத்திருப்பார், எடுத்த நேரத்துச் சந்தோஷம் சுமாரான படத்துக்கும் சிபாரிசு செய்துவிடக் கூடாதென்று. நாமோ மாலையில் எடுத்ததை இரவே இன்ஸ்டாகிராமில் ஏற்றி, லைக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

புது லென்ஸ் விலை விசாரிக்கும் முன் ஒரு காரியம் செய்யலாம், காசு செலவில்லை. போன வருடப் படங்களை லைட்ரூமில் திறந்து, மெட்டாடேட்டா ஃபில்டரில் ஃபோகல் லெங்த்தைத் தட்டுங்கள். 24-70 வைத்திருப்பவருடைய படங்கள் பெரும்பாலும் 24-இலும் 70-இலும் குவிந்து கிடந்தால், காலை நகர்த்தாமல் ஜூம் வளையத்தைத் திருகியே காலம் ஓடியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். எல்லாப் படமும் நின்ற உயரத்திலிருந்தே எடுத்ததா? முகம் எப்போதும் நட்டநடுவிலா? தெரியாத மனிதர் என்றால் எல்லாம் முதுகுப்புறப் படங்களா? கடைசிக் கேள்வி கூச்சத்தைப் பற்றியது. 70-200 வாங்கினால் கூச்சம் போகாது. தள்ளி நிற்க இன்னும் வசதியாகிவிடும்.

“செல்போனே போதும்” என்று எதிர்க்கட்சி பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அதுவும் கருவிப் பேச்சுதான், விலை மட்டும் குறைவு. பிராகைச் சேர்ந்த போட்டோகிராபர் யோசஃப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கைக்காரருக்குக் கையடக்கக் கேமராதான் சௌகரியம் என்று யாரும் சொல்வார்கள். அவரோ ஸ்டாண்டில் நிறுத்தும் பழைய பெரிய கேமராக்களோடு மல்லுக்கட்டினார். 1940-இலிருந்து என்லார்ஜ் செய்வதையும் பெரும்பாலும் விட்டுவிட்டு, நெகட்டிவ் அளவுக்கே பிரிண்ட் போட்டார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளியே கேமரா தூக்குவது கஷ்டமானபோது தன் ஸ்டுடியோ ஜன்னலையே எடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த ஆவி, வழியும் நீர், அதற்குப் பின்னால் கோணல்மாணலாக ஒரு மரம். 1954 வரை அது ஓடியது. தனக்கு நிதானம் வேண்டும் என்று அறிந்தவர், நிதானமான கருவியை வைத்துக்கொண்டார்.

பறவை எடுப்பவருக்கு 600 எம்எம் தேவைதான். முகூர்த்த வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள பாடி அத்தியாவசியம், அதில் விவாதமே இல்லை. இந்த இடத்தில், இந்த வெளிச்சத்தில், இன்ன படம் இதனால் கைநழுவியது என்று சொல்லத் தெரிந்தவர் தாராளமாக வாங்கட்டும். கடைக்காரர் “என்ன எடுக்கப் போறீங்க சார்?” என்று கேட்கும்போது “எல்லாம்தான்” என்று பதில் சொல்கிறவரிடம்தான் என் சண்டை.