பெரியக்காவின் பங்கு

எத்தனை பிள்ளைகள் இருந்தால் அது பெரிய குடும்பம்? என் அம்மாவைக் கேட்டால் எட்டுக்குக் கீழே எதையும் கணக்கில் சேர்க்க மாட்டார். இன்றைக்கோ, மூன்றாவது உண்டாகியிருக்கிறாள் என்றாலே தெருவே விசாரிக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1970-களின் தொடக்கத்தில் நாலை ஒட்டி இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் அது 1.8.

அம்மாவிடம் இன்னொரு கணக்கும் உண்டு: பெற்றது ஒன்பது, தங்கினது ஏழு. 1971-ல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 13-ஆகக் குறைந்திருந்தது. எங்களில் ஒருவன் பெயர் பிச்சை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தவறிவிட்டதால், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கிய பிள்ளை அவன்.

ஏழு பேராக வளர்ந்தது எனக்குப் பெரிய கொடுப்பினைதான். தீபாவளிக்கு ஒரே துணியில் எடுத்த சட்டைகள், அண்ணன் படித்து அட்டை பிய்ந்த பாடப் புத்தகம், ராத்திரி வட்டமாக உட்கார்ந்து பழைய குழம்புச் சோற்றை உருண்டை உருண்டையாகக் கையில் வாங்கித் தின்றது எல்லாம் உண்மை. ஆனால் இப்படி நெகிழ்ந்து பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் கடைசிப் பிள்ளைகள். நானும் ஆறாவது. மூத்த பெண்கள் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அந்த உருண்டைகளை உருட்டிப் போட்டது பெரியக்கா. எட்டாவது படிக்கும்போது, அம்மா பிரசவத்துக்குப் படுத்ததால் அடுப்பு அவள் கைக்கு வந்தது. பிறகு அது அம்மாவிடம் திரும்பிப் போகவில்லை; அவளும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை இல்லாமல் அவளைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. அந்தப் பிள்ளை சில காலம் நான். தம்பிகள் பட்டம் வாங்கினோம். அவள் வீட்டிலிருந்து உழைத்த உழைப்பில்தான் அது நடந்தது.

1989-ல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. முதலில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் மூத்த பெண்கள்தானே? ஒரே வீட்டில் கடைசித் தங்கைக்குப் பங்கு வந்தது, அவளைத் தூக்கி வளர்த்தவளுக்கு வரவில்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரிந்த அல்லது கைமாறிய சொத்துகளுக்கு மட்டும் விலக்கு. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் வந்த பிறகும் வீடுகளில் நடப்பது வேறு. "அக்கா, ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு" என்று போன் வருகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் அக்காக்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இடுப்பில் சுமந்த தம்பியிடம் பங்கு கேட்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம். அந்தக் கூச்சத்தின் மேல் எழுதப்படும் பத்திரத்தை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் ஏழு பங்கு போட்டோம். பெரியக்கா தனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னாள். உங்கள் வீட்டில் இன்னும் பாகப் பத்திரம் எழுதவில்லை என்றால், தம்பிமார்களே, அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள்.