பூஜ்ஜியம் வந்தால் போதுமா?

லாபம் எங்கே உச்சம் என்று வணிகவியல் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இறுதிநிலை வருவாயும் இறுதிநிலைச் செலவும் சமமாகும் இடத்தில்" என்று சட்டென்று பதில் வரும். அதாவது, லாபத்தின் வகைக்கெழு பூஜ்ஜியம். அதோடு பேனாவை மூடிவிடுவார்கள். ஆனால் பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது!

உற்பத்தி 'ப' என்றால், லாபம் −ப³ + 9ப² − 15ப − 10 என்று வைத்துக்கொள்வோம். வகைக்கெழு 1-லும் பூஜ்ஜியம், 5-லும் பூஜ்ஜியம். 5-ல் லாபம் 15. 1-ல்? நஷ்டம் 17! (ஒன்றுமே தயாரிக்காமல் சும்மா இருந்தால்கூட நஷ்டம் 10தான்.) இரண்டாம் வகைக்கெழு 1-ல் +12, 5-ல் −12. எது பள்ளம், எது மேடு என்று அந்தக் குறிதான் சொல்கிறது.

இயற்பியலில் இப்படி ஏமாற முடியாது. கம்பியில் கட்டிய ஊசல் கீழே தொங்கினாலும், தலைகீழாக நின்றாலும் நிலையாற்றலின் வகைக்கெழு பூஜ்ஜியமே. ஆனால் தலைகீழ் ஊசல் லேசாக ஊதினாலே கவிழ்ந்துவிடும். அதனால்தான் அவர்கள் சமநிலை என்றதும் "நிலையானதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள். வணிகவியல் வகுப்பில் அந்தக் கேள்வி பரீட்சை அவசரத்தில் காணாமல் போகிறது.

இதையும் தாண்டி ப³ என்று ஒரு பொல்லாத சார்பு உண்டு. 0-வில் இரண்டு வகைக்கெழுக்களுமே பூஜ்ஜியம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.