பிரிவினைக்கு முந்திய பிணக்கு

இந்துவும் முஸ்லிமும் ஒரு மண்ணில் வாழ இயலாதவர், ஆகவே 1947இல் இந்தியா துண்டாடப்பட்டது என்னும் கூற்று, எல்லையின் இருபுறத்தும் இன்றளவும் பாடமாய் ஓதப்படுகிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. பஞ்சாபிலும் வங்கத்திலும் இரு சமயத்தாரும் பல நூற்றாண்டுகள் ஒரே ஆற்றுநீரைப் பாய்ச்சி, ஒரே சந்தையில் விளைபொருள் விற்று வாழ்ந்தனர். உணவிலும் மணவுறவிலும் விலகியிருந்தனர், பூசல்களும் நேர்ந்தன. ஆயினும் அவை மட்டுமே ஒரு நாட்டைப் பிளக்கப் போதியவையாக இருந்ததில்லை. வெள்ளையர் விட்டுச்செல்லும் அதிகாரத்தில் எவர்க்கு எவ்வளவு என்ற வழக்கே நாட்டைப் பிளந்தது. அவ்வழக்கு பன்முறை தீர்வின் அருகே வந்து, பன்முறை கைநழுவியது.

1909ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம், முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம்களே தெரிவுசெய்யும் தனித்தொகுதி முறையைச் சட்டமாக்கியது. தன் சமயத்தாரின் வாக்கை மட்டுமே நாடும் வேட்பாளனுக்கு, அடுத்த சமயத்தானின் அச்சத்தைத் தணிக்கும் தேவையே இல்லாது போயிற்று. 1916இல் இலக்னோவில் காங்கிரசும் முஸ்லிம் லீகும் உடன்படிக்கை கண்டபோது, காங்கிரசு இம்முறையை ஏற்றுக்கொண்டது. அவ்வுடன்பாட்டுக்காக முன்னின்று உழைத்தவர் முகமது அலி ஜின்னா.

அதே ஜின்னாதான் 1927இல் தில்லியில் முஸ்லிம் தலைவர்களைக் கூட்டி, தனித்தொகுதியைக் கைவிடவும் அவர்களை இசையவைத்தார். ஈடாக வேண்டியவற்றுள் ஒன்று, மத்திய சட்டமன்றத்தில் மூன்றிலொரு பங்கு இடம். மறு ஆண்டு அரசமைப்பு வரைய அமைந்த மோதிலால் நேரு குழு அளிக்க முன்வந்ததோ மக்கள்தொகை விகிதப்படி, ஏறத்தாழக் கால் பங்கு. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய அனைத்துக்கட்சி மாநாட்டில் இச்சிறு இடைவெளி கடக்க ஒண்ணாத பள்ளமாயிற்று. கொடுத்துவிடலாம் என்று மிதவாதத் தலைவர் தேஜ் பகதூர் சப்ரு எடுத்துரைத்தார். ஜின்னாவின் பின்னே நிற்பவர் எத்தனை பேர் என்று, எதிர்த்துப் பேசிய ஜெயகர் வினவினார். இந்து மகாசபையின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, கோரிக்கை தோற்றது. ஜின்னா உடன் கேட்டவாறு மாகாணங்களுக்கு மிகுதி அதிகாரம் அளித்தால் நாடு சிதறும் என்று அன்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்யென்று நாம் கூறமாட்டோம். ஆனால் சிறுபான்மையின் அச்சத்தை எண்ணிக்கையால் வென்றுவிடலாம் என்று கருதியது பெரும்பிழை. சில இடங்களைக் கூட்டிக் கொடுத்து ஆற்றியிருக்கக்கூடிய புண் அது.

1937 தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளில் கால் பங்கைக்கூட லீக் பெறவில்லை. ஐக்கிய மாகாணத்தில் அமைச்சரவையில் இடம் கேட்டு அது வந்தபோது, தன் சட்டமன்றக் குழுவைக் கலைத்துக் காங்கிரசில் கரையுமாறு பணிக்கப்பட்டது. பெரும்பான்மை பெற்ற கட்சிக்கு அதற்கு உரிமை இல்லையென்று எவரும் சொல்லார். எனினும் தேர்தலில் என்றும் சிறுபான்மையாகவே நிற்கவேண்டியவர்க்கு ஆட்சியில் என்றும் பங்கில்லை என்ற பரப்புரைக்கு அது வலுவான சான்றாயிற்று. 1940 மார்ச்சில் இலாகூரில் லீக் தனி அரசுகளைக் கோரித் தீர்மானித்தது.

இந்நிலையில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல் எழுந்ததை நாம் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். இராசாசி 1944இல் வெளிப்படுத்திய திட்டம், போர் முடிந்தபின் ஒன்றையொன்று ஒட்டி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களில் வயதுவந்தோர் வாக்கெடுப்பு நடத்தவும், பிரிய நேர்ந்தால் பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்பாடு காணவும் வழிகூறியது. மக்கள் இடம்பெயர்வது முற்றிலும் அவரவர் விருப்பத்தின்பாற்பட்டது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இதற்காகத் தம் கட்சியாரின் வசையை அவர் ஏற்றார். ஜின்னாவும் மறுத்தார், முழு மாகாணங்கள் வேண்டும், வாக்களிப்போர் முஸ்லிம்களாக மட்டுமே இருத்தல் வேண்டும் என்றார். மூன்றாண்டு கழித்து அவர் பெற்றது அம்மாவட்டங்களை ஒட்டிய நிலப்பரப்பே. விருப்பம் என்ற அந்தச் சொல்தான் இடையில் தொலைந்தது.

1946 தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளில் மிகப்பெரும்பாலானவற்றை லீக் வென்றது. அதனை முஸ்லிம் மக்களின் முழுத்தீர்ப்பாகக் கொண்டனர். ஆனால் சொத்தோ வரியோ படிப்போ உடையவர்க்கே அன்று வாக்கு. பின்னர் ஊர்விட்டு ஓடியவருள் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலில் இல்லை. அவ்வாண்டு மே மாதம் பிரித்தானிய அமைச்சரவைக் குழு வகுத்த கூட்டாட்சித் திட்டத்தை இரு கட்சிகளும் ஏற்றன. அரசியல் நிர்ணய சபைக்குச் செல்வதைத் தவிர வேறெதற்கும் காங்கிரசு கட்டுப்படவில்லை என்று ஜூலை 10ஆம் நாள் ஜவாகர்லால் நேரு பம்பாயில் கூறினார். அம்மாத முடிவில் லீக் தன் இசைவை விலக்கிக்கொண்டது. ஆகஸ்டு 16ஐ நேரடி நடவடிக்கை நாளாக ஜின்னா அறிவித்தார். கல்கத்தா வீதிகளில் பிணங்கள் குவிந்தன. நவகாளியும் பீகாரும் இராவல்பிண்டியும் அடுத்தடுத்து எரிந்தன. பேச்சு முறிந்தபின் குருதிக்கு அழைப்பு விடுப்பதும் அரசியலே என்று கொண்ட லீகின் பொறுப்பை எவராலும் குறைத்துக்காட்ட முடியாது.

ஆங்கிலேயர் செய்ததோ பொறுப்புத் துறப்பு. 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதென்று பிரித்தானியத் தலைமை அமைச்சர் அட்லி குறித்த நாளைப் பத்துத் திங்கள் முன்னே இழுத்தார் வைஸ்ராய் மௌண்ட்பேட்டன். இந்தியாவை அதுவரை கண்டிராத பிரித்தானிய வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஐந்து வாரங்களில் எல்லைக்கோட்டை வரைந்தார். அது வெளியானது ஆகஸ்டு 17ஆம் நாள். அதற்குள் முர்சிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏற்றப்பட்டிருந்தன. பின்னர் இரண்டும் இறக்கப்பட்டன. படையும் கடனும் அலுவலகத் தட்டச்சுப்பொறிகளும் கணக்கிட்டுப் பங்கிடப்பட்டன. எந்நாட்டில் பணிபுரிய விருப்பம் என்று அரசு ஊழியரைக் கேட்டனர். உழவரைக் கேட்டவர் இல்லை. மக்கட்பரிமாற்றம் நேரின் அதனை முறைப்பட நடத்தவேண்டும் என்று துருக்கியும் கிரேக்கமும் கண்ட அனுபவத்தைச் சுட்டி அம்பேத்கர் 1940இலேயே எழுதியிருந்தார். அதனை எவரும் திட்டமாக்கவில்லை.

ஒன்றரைக் கோடியை ஒட்டிய மக்கள் பெயர்ந்தனர். மாண்டோர் இரண்டு இலட்சம் என்பாரும் இருபது இலட்சம் என்பாரும் உளர். எண்ணப்படாது மாண்டவர்க்கு மதிப்பீடு மட்டுமே மிஞ்சியது. கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949இல் இந்தியா இயற்றிய சட்டம், மீட்கப்படுபவளின் விருப்பத்தை இறுதியானதாகக் கொள்ளவில்லை. புதிய வீட்டில் குழந்தை பெற்று வேர்கொண்ட பெண்ணும், அவள் மறுத்தபோதும், எல்லை கடத்தப்பட்டாள். முதலில் கூட்டத்தாராலும் பின்னர் அரசாலும் கொண்டுசெல்லப்பட்ட அப்பெண்டிர்க்கு இரு நாடுகளும் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

பஞ்சாபில் சில மாதங்களில் முடிந்த பெயர்வு, வங்கத்தில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1950இன் தொடக்கத்தில் அங்கே மீண்டும் வெறியாட்டம் மூண்டு, ஏதிலியர் இருதிசையிலும் இலட்சக்கணக்கில் பெருகினர். ஏப்ரல் 8ஆம் நாள் தில்லியில் நேருவும் பாகிஸ்தான் தலைமை அமைச்சர் லியாகத் அலிகானும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். சிறுபான்மையினருக்குச் சம குடியுரிமை, உயிர்க்கும் உடைமைக்கும் காப்பு, அவர்தம் குறைகேட்க ஆணையங்கள், மேற்கு வங்க அமைச்சரவையிலும் கிழக்கு வங்க அமைச்சரவையிலும் சிறுபான்மையினருக்கு ஓரிடம் என்பன அதில் அடங்கியிருந்தன. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐக்கிய மாகாணத்தில் லீகுக்கு மறுக்கப்பட்டதும் அமைச்சரவை இடமே.